நடந்து வந்தாலும் முதுகெலும்பு உடைந்திருக்கலாம்

சித்தூர் - காட்பாடி ரோட்டில் கார் மோதினால் ஓடிவந்து உதவுவதில் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அடிபட்டவரைக் கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துவிடுகிறார்கள், அதுதான் பதறுகிறது. வண்டி தீப்பிடிக்கும் ஆபத்து இல்லையென்றால் அப்படியே விடுங்கள், தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள், ஆந்திரா, தமிழ்நாடு இரண்டு மாநிலத்துக்கும் அதே நம்பர்தான். வாந்தி எடுத்தால் மட்டும் திருப்பித்தான் ஆக வேண்டும். அப்போதும் தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில், கட்டை உருள்வது போலத் திரும்ப வேண்டும்.

"நல்லாத்தானே நடந்து வந்தார்" என்பதை நம்பவே நம்பாதீர்கள். எலும்பு நொறுங்கியும் அதற்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடம் தப்பியிருந்தால் கால் வேலை செய்யும். அதிகம் உடைவது விலாக்கூடு முடிந்து இடுப்பு தொடங்கும் இடம். டாக்டர் நடுமுதுகில் ஒவ்வொரு எலும்பாக விரலால் அழுத்திக்கொண்டே இறங்குவார், கால் கட்டைவிரலை மடக்கச் சொல்வார், தொடையிடுக்கில் தொட்டால் தெரிகிறதா என்று கேட்பார். கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள், சிறுநீர் வராவிட்டால் அதையும் உடனே சொல்லுங்கள். வயிற்றின் குறுக்கே சீட் பெல்ட் தடம் கன்றியிருந்தால் குடலிலும் காயம் இருக்கலாம்.

எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும் முறிவு சிடி ஸ்கேனில் தெரியும், தண்டுவடத்தையும் தசைநாரையும் பார்க்க எம்ஆர்ஐ. ஓரிடத்தில் உடைந்திருந்தால் வேறிடத்திலும் உடைந்திருக்கலாம், அதனால் முழு முதுகெலும்பையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கை கால் உடைந்தால் புத்தூர் கட்டு என்ற நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் போவது நம் பக்கத்து வழக்கம். முதுகுக்கு அது வேண்டாம், முதலில் ஸ்கேன். எலும்பு நிலையாக இருந்தால் சில வாரம் பெல்ட்டும் வலி மாத்திரையும் போதும், எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. நிலையில்லாமல் இருந்தாலோ தண்டுவடம் நசுங்கினாலோ ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து நிறுத்துவார்கள்.

தண்டுவடம் அடிபட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமும் அவர்தான். படுக்கைப்புண் வராமல் திரும்பிப் படுப்பது, சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, எல்லாம் இப்படிப்பட்ட மையங்களில் பழக்குகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அதைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.