செடிக்கு மூணு மாசம், அப்புறம்தான் டிஸ்கஸ்

6 டிஸ்கஸ் மீன் என் டேங்குக்கு வந்து இன்னையோட 21 நாள். அதுக்கு முன்னாடி மீனே இல்லாம வெறும் செடி மட்டும் வளர்ற டேங்க வச்சுகிட்டு மூணு மாசத்துக்கு மேல காத்திருந்தேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் கண்ணாடிகிட்ட குனிஞ்சு பாத்துட்டு "மீன் எங்க?"ன்னு கேப்பாங்க. அந்த மூணு மாசத்துலயும், மீன் எடுக்க போன அன்னைக்கும் கத்துகிட்டத எழுதி வைக்கணும்னு தோணுது. பிளான்டட் டேங்கும் (உள்ள செடி வளர்ற மீன் தொட்டி) வேணும், டிஸ்கஸும் வேணும்னு ஆசைப்படுறவங்களுக்கு இந்த ரெண்டும் எங்கெங்க இடிக்கும்னு மொதல்லயே தெரிஞ்சா நிறைய மீன் பொழைக்கும்.

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன். டிஸ்கஸுக்கு செடி தேவையில்ல. அமேசான் ஆத்துப் படுகைல இருக்கற சிக்லிட் மீன் இது, 1840ல வியன்னாவுல இருந்த ஹெக்கல்ங்கறவர்தான் இதுக்கு சிம்ஃபைசோடான் டிஸ்கஸ்னு பேரு வச்சு பதிவு பண்ணாரு. ரியோ நீக்ரோ மாதிரி ஆறுகள்ல தண்ணி டீ டிகாக்ஷன் கலர்ல இருக்கும், வெளிச்சம் உள்ள போகாது, அதனால நாம நினைக்கற மாதிரி பச்சைப்பசேல்னு செடி எதுவும் அங்க கிடையாது. கரையோரமா மரம் சாஞ்சு விழுந்து கிளையெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கும் பாருங்க, அதுக்கு நடுவுலதான் இதுங்க கூட்டமா நிக்கும். தட்டு மாதிரி ஒல்லியா உசரமா இருக்கற உடம்பு, மேல நேர்கோடா வர்ற பட்டை எல்லாமே அந்த கிளைகளுக்கு நடுவுல மறையறதுக்கு வசதியான அமைப்பு. ஆக செடி நம்ம ஆசை, மீனுக்கு வேண்டியது மரம். இத மனசுல வச்சுகிட்டுதான் நான் டேங்க பிளான் பண்ணேன், பெரிய ட்ரிஃப்ட்வுட் (தண்ணிக்குள்ள போடற மரக்கட்டை) ரெண்டு மொதல்ல, செடி எல்லாம் அத சுத்தி.

டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். கணக்கு போட்டா 340 லிட்டர் வரும், மண்ணு, மரம், மேல விடற இடைவெளி எல்லாம் போக உள்ள நிக்கற தண்ணி 280 லிட்டர் இருக்கும். வளந்த டிஸ்கஸ் ஒன்னுக்கு 40 லிட்டர்னு பொதுவா சொல்லுவாங்க, அந்த கணக்குக்கு 6 மீன் தாராளம். உயரம் ரொம்ப முக்கியம், நல்லா வளந்த டிஸ்கஸ் 15 செ.மீ.க்கு மேல போகும், துடுப்பு விரிச்சு நின்னா இன்னும் உசரமா தெரியும். ஸ்டாண்ட மட்டும் சாதாரணமா நினைக்காதீங்க, கண்ணாடி தண்ணி மண்ணு எல்லாம் சேத்து 400 கிலோவுக்கு மேல ஒரே இடத்துல நிக்கப் போகுது.

இப்ப சண்டைக்கு வருவோம். செடிக்கும் டிஸ்கஸுக்கும் முதல் சண்டை சூட்டுல. டிஸ்கஸுக்கு 28லருந்து 30 டிகிரி வேணும், பெரும்பாலான செடி 24, 25லதான் சந்தோஷமா இருக்கும். படத்துல பாக்கற சிவப்பு தண்டுச் செடி, தரையில புல் மாதிரி படர்றது இதெல்லாம் 29 டிகிரில ஒன்னு ஒல்லியா நீண்டு போகும் இல்லன்னா அழுகும். எனக்கும் அந்த சிவப்பு மேல ஆசை இருந்துச்சு, விட்டுட்டேன். அமேசான் ஸ்வார்டு, அனுபியாஸ், கிரிப்டோகோரைன் வென்டியை, பின்னாடி வாலிஸ்னேரியா, இந்த நாலு மட்டும்தான் போட்டேன். நாலுமே சூடு தாங்கும். அனுபியாஸ மண்ணுல புதைக்காதீங்க, அந்த கிழங்கு மாதிரி தண்டு மண்ணுக்குள்ள போனா அழுகிடும், மரத்துல நூல் வச்சு கட்டிட்டா அதுவே வேர் விட்டு புடிச்சுக்கும். ஸ்வார்டு வேர்லதான் சாப்பிடும், அதுக்கு அடியில உரமாத்திரை வைக்கணும்.

ரெண்டாவது சண்டை கார்பன் டை ஆக்சைடு. செடி வேகமா வளரணும்னு நிறைய பேரு இந்த கேஸ சிலிண்டர் வச்சு தண்ணிக்குள்ள குடுக்கறாங்க, நான் வைக்கல. தண்ணி சூடாக ஆக அதுல கரையற ஆக்சிஜன் குறையும், 25 டிகிரில லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் நிக்கற இடத்துல 30 டிகிரில 7.6 தான் நிக்கும். அந்த நிலமைல நைட்டு செடியும் ஆக்சிஜன எடுக்கும், மண்ணுல பில்டர்ல இருக்கற பாக்டீரியாவும் எடுக்கும், அதோட கேஸ் கொஞ்சம் அதிகமா போனாலும் மொதல்ல மூச்சு வாங்கறது டிஸ்கஸ்தான். நல்லா பண்றவங்க இருக்காங்க, ஆனா மொத தடவ டிஸ்கஸ் வளக்கறவங்க கேஸ் இல்லாம மெதுவா வளர்ற செடியோட நிறுத்திக்கறது நல்லதுன்னு நான் உறுதியா நம்பறேன்.

ஹீட்டர் ஒன்னு பெருசா போடறதுக்கு பதிலா 200 வாட்ல ரெண்டு போட்டேன். ஹீட்டர் கெட்டுப் போறதுல மோசமான வகை ஆஃப் ஆகாம ஒட்டிக்கறதுதான், ஒரே பெரிய ஹீட்டர் அப்படி ஒட்டிகிட்டா விடியறதுக்குள்ள மீன் வெந்துரும். ரெண்டா இருந்தா ஒன்னு ஒட்டினாலும் சூடு மெதுவாத்தான் ஏறும், நாம கவனிக்க நேரம் கிடைக்கும். ஒன்னு செத்தாலும் இன்னொன்னு தாங்கிக்கும்.

மண்ணு விஷயத்துல ஒரு அண்ணன் சொன்ன யோசனை ரொம்ப உதவுச்சு (செடிக்குன்னே சத்தோட விக்கற மண்ணத்தான் சாயில்னு சொல்றது). அவரு 15 வருஷமா டிஸ்கஸ் வளக்கறாரு. "தம்பி, முழுசா சாயில் போடாத, முன்னாடி ஒரு பக்கம் வெறும் மணல விடு, அங்கதான் சாப்பாடு போடணும், மிச்சத்த அங்கருந்தே உறிஞ்சி எடுத்துரலாம்"னாரு. டிஸ்கஸ் தரையில வாயால ஊதி ஊதி தேடித் தேடி சாப்பிடற மீன். செடிக்கு நடுவுல சாப்பாடு விழுந்தா மீனுக்கும் கிடைக்காது, நமக்கும் எடுக்க வராது, அது அங்கயே அழுகி தண்ணி கெடும். இப்ப முன்பக்கம் வலது மூலைல ஒரு திட்டு மணல், ஆறு மீனும் அங்க வந்து நிக்கும்.

சைக்ளிங் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, சுருக்கமா சொல்றேன். அம்மோனியாவ நைட்ரைட்டா, நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தற பாக்டீரியா பில்டர்ல குடியேறணும், எனக்கு அதுக்கு 5 வாரம் ஆச்சு. புது சாயிலே மொத ரெண்டு மூணு வாரம் அம்மோனியா விடும், அதனால அந்த நேரத்துல மீன் விடறது பாவம். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா ஊத்தி 24 மணி நேரத்துல அம்மோனியா நைட்ரைட் ரெண்டும் ஜீரோ வந்தா பில்டர் ரெடி. டிஸ்கஸுக்கு இது கூடுதல் முக்கியம், ஏன்னா தண்ணி சூடாகவும் பிஹெச் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டற அளவு) ஏறவும் அம்மோனியாவுல விஷமான பங்கு கூடும், 25 டிகிரில தாங்கற அளவு 30 டிகிரில தாங்காம போகலாம்.

5 வாரத்துலயே பில்டர் ரெடின்னா அப்புறம் எதுக்கு மூணு மாசம்னு கேக்கலாம். செடிக்காகத்தான். நட்ட ரெண்டாவது வாரம் கிரிப்ட் (அதான் கிரிப்டோகோரைன்) எல்லாம் கூழா கரைஞ்சு போச்சு, ஸ்வார்டோட பழைய இலையெல்லாம் மஞ்சளாச்சு, கண்ணாடி பூரா பழுப்பு பாசி. அன்னைக்கு நைட்டு எல்லாத்தையும் புடுங்கி போட்டுடலாம்னு இருந்துச்சு. ஆனா கிரிப்ட் இடம் மாறுனா இலைய விட்டுட்டு வேர மட்டும் வச்சுக்கற செடி, நர்சரில தண்ணிக்கு வெளிய வளந்த ஸ்வார்டும் அந்த இலைய உதுத்துட்டுதான் தண்ணிக்குள்ள இருக்கறதுக்கான இலைய விடும். லைட்ட 6 மணி நேரமா வச்சேன், கரைஞ்ச இலைய தினமும் எடுத்தேன், அவ்வளவுதான். 7வது வாரம் மண்ணுலருந்து சின்னதா ஒரு பிரவுன் இலை எட்டிப் பாத்துச்சு பாருங்க, அந்த சந்தோஷம் தனி. அதுக்கப்புறம்தான் 25லருந்து வாரத்துக்கு ஒரு டிகிரியா ஏத்தி 29க்கு கொண்டு வந்தேன். செடி வேர் புடிச்சு சூட்டுக்கும் பழகினப்புறம் மீன் வந்தா, நாம செடிய புடுங்கி நடறதுக்கு உள்ள கைய விட்டு மீன மிரட்ட வேண்டிய வேலையே இல்ல.

இனி மீன். எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி.

முதல் முடிவு எந்த சைஸ்னு. 5 செ.மீ. குட்டி பாக்க அழகா இருக்கும், விலையும் கம்மி, ஆனா வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன். குட்டி டிஸ்கஸுக்கு ஒரு நாளைக்கு 5, 6 தடவ சாப்பாடு, அதுக்கு ஏத்த மாதிரி கிட்டத்தட்ட தினமும் வாட்டர் சேஞ்ச் வேணும். அடியில மண்ணு இல்லாத வெறும் கண்ணாடி டேங்க்லதான் அத சுத்தமா பண்ண முடியும். பிளான்டட் டேங்க்ல குட்டிய விட்டா வளர்ச்சி நின்னு போய் கண்ணு மட்டும் பெருசா ஆகிடும், அப்படி நின்ன வளர்ச்சி திரும்ப வராது. 11, 12 செ.மீ. தாண்டின மீனா 6 வாங்கறதுன்னு முடிவு பண்ணேன். 2, 3 மட்டும் வாங்குனா பலமானது மத்தத அடிச்சே ஒடுக்கிடும், 6 இருந்தா அந்த அடி பிரிஞ்சு போகும். ஆறும் ஒரே இடத்துல ஒரே டேங்க்லருந்து வாங்கறதும் அவசியம், ஒரு கூட்டத்துக்கு பழகிப் போன கிருமி இன்னொரு கூட்டத்த கொன்னுடும்.

மீன் வளக்கறவரோட இடத்துக்கு அந்த அண்ணனும் கூட வந்தாரு. உள்ள நுழைஞ்சதும் நான் கலர் பாக்க ஆரம்பிச்சேன், ரெட் டர்க்காய்ஸ், ப்ளூ டைமண்ட், ஸ்நேக்ஸ்கின்னு டிஸ்கஸ்லயே பல கலர் வகை, எல்லாமே கண்ண பறிக்குது. "கலர கடைசில பாப்போம், மொதல்ல கண்ண பாரு, அப்புறம் நெத்திய பாரு"ன்னாரு. கண்ணு உடம்போட ஒப்பிட்டா சின்னதா, தெளிவா இருக்கணும். உடம்பு வட்டமா இருக்கணும், நீளவாக்குல முட்டை மாதிரி போச்சுன்னா வளர்ச்சில குறை. நேருக்கு நேரா முன்னாடிலருந்து பாக்கணும், கண்ணுக்கு மேல நெத்தி கத்தி மாதிரி ஒட்டிப்போய் இருந்தா ரொம்ப நாளா சாப்பிடல இல்ல குடல்ல நோய். வெள்ளையா நூல் மாதிரி கழிவு தொங்கினாலும் அதே சந்தேகம்தான். செவுள் ரெண்டும் சேந்து தொறந்து மூடணும், ஒரு பக்கம் மட்டும் அசைஞ்சா செவுள்ல புழு இருக்கலாம்.

அதெல்லாம் பாத்து முடிச்சதும் "சாப்பாடு போட்டு காட்டுங்க"ன்னு கேட்டாரு. எனக்கு கேக்க கூச்சமா இருந்துச்சு, ஆனா அந்த ஒரு கேள்விதான் எல்லாத்தையும் காட்டிக் குடுத்துச்சு. அதுவரைக்கும் நான் மனசுக்குள்ள எடுத்து வச்சிருந்த ப்ளூ டைமண்ட் ஒன்னு, டேங்க்லயே பெருசு, சாப்பாடு விழுந்ததும் வாய்ல எடுத்துச்சு, மென்னுச்சு, துப்பிடுச்சு. திரும்ப எடுத்துச்சு, திரும்ப துப்புச்சு. அண்ணன் என்ன பாத்து தலைய ஆட்டினாரு. பக்கத்து டேங்க்ல ரெட் டர்க்காய்ஸ் கூட்டம், கொஞ்சம் மங்கலான கலர்தான், ஆனா கைய மேல கொண்டு போனதுமே 10ம் முன்னாடி வந்து நின்னுச்சு, விழுந்தத விழுங்கிட்டு அடுத்ததுக்கு பாத்துச்சு. ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னோம். அந்த கூட்டத்துலருந்து ஆறு.

பிஜன் பிளட் வகை எடுக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல். தாய்லாந்துல உருவான வகை அது, பட்டை இருக்காது, ஆனா பின்னணி கருப்பா இருந்தா உடம்பு பூரா மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளி வரும். என் டேங்க்ல கருத்த மரமும் சாயிலும் இருக்கறதால அது வேணாம்னு முன்னாடியே தெரிஞ்சு போச்சு.

இன்னொரு நல்ல கேள்வி, அவங்க தண்ணி என்ன பிஹெச்ல வச்சிருக்காங்கன்னு. காட்டு டிஸ்கஸுக்கு வேணா 5, 6 பிஹெச் தேவைப்படும், வளப்பு டிஸ்கஸ் 7க்கு மேலயும் நல்லா இருக்கும். மருந்து ஊத்தி பிஹெச்ச இறக்கறது, அது திரும்ப ஏறறது, இந்த ஊசலாட்டம்தான் மீன கொல்லும். அவங்களுது 7.2, என்னோடது 6.9, அதுக்கு மேல நான் ஒன்னும் பண்ணல.

நேரா பிளான்டட் டேங்க்ல விடாம 3 வாரமாவது தனி டேங்க்ல வச்சு பாக்கணும்னு சொல்லுவாங்க. நான் டேங்க்ல வேற மீனே விடாததால இதுங்கதான் மொத ஆளுங்க, அதனால நேராவே விட்டேன். கார்டினல் டெட்ரா, ஸ்டெர்பை கோரிடோராஸ்னு ரெண்டு வகை சின்ன மீன் அப்புறம் வரும், ரெண்டும் சூடு தாங்கும், அதுங்க தனியா இருந்துட்டுதான் உள்ள வரும். நியான் டெட்ரா இந்த சூட்டுக்கு ஆகாது. பெரிய சக்கர் மீன் வேணவே வேணாம், நைட்டு டிஸ்கஸ் உடம்புல ஒட்டி மேல இருக்கற வழவழப்ப உறிஞ்சிடும். அந்த வழவழப்புதான் டிஸ்கஸுக்கு உயிரு, குஞ்சு பொரிச்சு நீந்த ஆரம்பிச்சதும் மொத சில வாரம் அப்பா அம்மா ரெண்டு பேரோட உடம்புலருந்தும் அதத்தான் சாப்பிட்டு வளருது.

மொத ரெண்டு நாள் ஆறும் மரத்துக்கு பின்னாடி, உடம்பு கருத்துப் போய், பட்டையெல்லாம் அழுத்தமா. லைட்டே போடல, சாப்பாடும் குடுக்கல. மூணாவது நாள் சாயங்காலம் ஒன்னு மணலுக்கு வந்துச்சு, அடுத்த நாள் நாலு. வாரத்துக்கு ரெண்டு தடவ 40 சதவீதம் தண்ணி மாத்தறேன், குளோரின் எடுத்து, அதே 29 டிகிரிக்கு சூடு பண்ணிட்டு. ஆறாவது மீன் மட்டும் இன்னும் ஸ்வார்டு இலைக்கு பின்னாலதான் நிக்குது, மத்தது தொரத்துது. அதுக்கு மட்டும் நீளமான பிப்பெட்ல ரத்தப்புழு எடுத்து வாய்கிட்ட கொண்டு போய் விடறேன். நேத்து காலைல ரெண்டு எடுத்துச்சு, இன்னைக்கு அஞ்சு, ஒன்னையும் துப்பல.