ஏலத்தோட்டப் பயிற்சிக்கு ஸ்லைடு தயாரித்த அனுபவம்

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுக்கிறவர்களில் நிறையப் பேர் கம்பம், கூடலூர், உத்தமபாளையத்தில் இருந்து விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே போய்ச் சாயங்காலம் இறங்கி வருகிறவர்கள்தான். காய் எடுப்பு தொடங்கும் முன் அவர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் தோட்டத்திலேயே ஒரு பயிற்சி நடக்கும், ஒன்றரை மணி நேரம். இந்த முறை அதை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு ஸ்லைடு தயாரித்த கதையைத்தான் எழுதுகிறேன். மகளிர் குழுவுக்கோ, பால் சொசைட்டிக்கோ, கம்பெனி ஆட்களுக்கோ பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

என் கைக்கு வந்தது ஒரு பழைய பவர்பாயிண்ட் ஃபைல். எழுபதுக்கு மேல் ஸ்லைடு. ஏலக்காயின் வரலாறு, தாவரவியல் பெயர், எந்த நாட்டில் எவ்வளவு விளைகிறது, அப்புறம் மண், உரம், நோய், மருந்து, காய் எடுப்பு, உலர்த்துவது என்று ஒரு விஷயம் பாக்கியில்லை. ஒவ்வொரு ஸ்லைடிலும் பத்துப் பன்னிரண்டு வரி. போன வருடம் அதில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "டீ குடுத்தாங்க, வடை குடுத்தாங்க, என்னமோ எழுத்தா ஓடிக்கிட்டே இருந்துச்சு தம்பி" என்றார். இதைவிடத் தெளிவான மதிப்பீடு எங்கும் கிடைக்காது.

அதனால் லேப்டாப்பைத் திறக்காமல் ஒரே ஒரு கேள்வியோடு ஆள் ஆளாகப் போய்ப் பேசினேன்: இந்த ஒன்றரை மணி நேரம் முடிந்து மறுநாள் காட்டுக்குள் இறங்கும்போது இவர்கள் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும்? மேனேஜரிடம் கேட்டால் இருபது விஷயம் சொன்னார். ஸ்டோரில் காய் உலர்த்தும் அண்ணனிடம் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை, "இளங்காய் கலந்து வருது, அது நின்னா போதும்" என்றார். சூப்பர்வைசர்களும் சுற்றிச் சுற்றி அதையேதான் சொன்னார்கள்.

ஏலக்காய்க்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். காய் மூன்று நிலையில் இருக்கும். இளங்காய் வெளியே பச்சை, உள்ளே விதை வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோ இருக்கும். கருங்காய் வெளியே இன்னும் பச்சைதான், ஆனால் விதை கறுத்திருக்கும். பழக்காய் வெளியே மஞ்சளடித்துவிடும். எடுக்க வேண்டியது கருங்காய். இளங்காயை உலர்த்தினால் சுருங்கிப்போய் எடை நிற்காது. பழக்காய் உலரும்போது வெடிக்கும், பச்சை நிறமும் போய்விடும். போடியிலும் புற்றடியிலும் நடக்கிற இ-ஏலத்தில் வியாபாரி பார்ப்பது நிறத்தையும் பருமனையும் லிட்டர் வெயிட்டையும்தான் (ஒரு லிட்டர் அளவு காயின் எடை), அதனால் இந்த ஒரு விஷயத்தில் பிசகினால் அந்தச் சுற்றில் எடுத்த காயின் விலையே இறங்கும்.

சரி, பயிற்சி முழுக்க இதைப் பற்றி மட்டும்தான் என்று முடிவெடுத்தேன். மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆட்கள் ஒரு நாள்தானே உட்காருவார்கள், மருந்தடிப்புப் பாதுகாப்பையும் அப்படியே சேர்த்துவிடுங்கள் என்றார். நான் விடவில்லை. பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் விஷத்தின் கடுமையைச் சொல்பவை, சிவப்புதான் ஆகக் கொடியது. அது உயிர் சம்பந்தப்பட்ட பாடம். அதை இன்னொன்றின் வாலில் ஒட்டி, டீ நேரத்துக்கு முன் அவசரமாக ஓட்டக் கூடாது, மருந்தடிப்பவர்களுக்குத் தனி நாள் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஸ்லைடு வடிவமைப்பு என்றதும் எல்லோரும் நிறத்தையும் அனிமேஷனையும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் எதை விடுவது என்று முடிவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

அடுத்தது தலைப்பு. பழைய ஃபைலில் 'அறுவடை நிலைகள்' என்று போட்டு, கீழே ஆறு புள்ளி வைத்திருந்தார்கள். இதை மாற்றுவதற்கு அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஆலி சொல்லிவரும் முறை எனக்கு ரொம்ப உதவியது. தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும், அந்த வாக்கியம் உண்மை என்று காட்டும் படம் கீழே இருக்கட்டும், புள்ளி வைத்த பட்டியல் வேண்டாம் என்பது அவர் கருத்து. அதன்படி 'விதை கறுத்திருந்தால் எடுக்கலாம்' என்று ஒரு ஸ்லைடு, 'இளங்காய் உலர்ந்தால் எடை நிற்காது' என்று ஒன்று, 'பழக்காய் உலரும்போது வெடிக்கும்' என்று ஒன்று. வாக்கியமாக எழுத உட்கார்ந்தால் சொல்வதற்கு ஒன்றும் இல்லாத ஸ்லைடுகள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. ஏலக்காய் வரலாற்றுக்கு நான் என்ன வாக்கியம் எழுதுவது?

படத்துக்குத்தான் நிறைய மெனக்கெட்டேன், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் ஏலக்காய்ப் படங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் உலர்ந்த காய், கடையில் விற்பது. எனக்கு வேண்டியது செடியில் இருக்கும் காய். ஸ்டோர் அண்ணனை வைத்துக்கொண்டு மூன்று நிலையிலும் காய் எடுத்து, கறுப்புத் துணி மேல் வரிசையாக வைத்து, நிழலில் ஃபோனில் படம் எடுத்தோம். ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்த்தால் இளங்காயும் கருங்காயும் ஒரே பச்சை! கண்ணால் நேரில் பார்த்தாலே பழக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும், வெளிச்சமுள்ள ஹாலில் திரையில் அந்த வித்தியாசம் சுத்தமாகப் போய்விடுகிறது. அதனால் காயை நீளவாக்கில் கீறிப் பிளந்து வைத்து எடுத்தோம். வெள்ளை விதை ஒரு பக்கம், கறுத்த விதை ஒரு பக்கம், இரண்டு காய் மட்டும் திரை நிறைய. கடைசி வரிசையில் இருந்தவர்கூட எழுந்து நிற்காமல் வித்தியாசம் சொன்னார்.

எடைக்கு ஒரு அட்டவணை போடலாம் என்று முதலில் நினைப்பு இருந்தது. பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் சுமாராக ஒரு கிலோ தேறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் இளங்காய்க்கு அது தேறாது என்பதை எண்ணில் எழுதினால் யார் மனதிலும் நிற்காது. ஒரே அளவு பச்சைக்காயை, இளங்காய் தனியாகக் கருங்காய் தனியாக, பை கட்டி ஸ்டோரில் உலர்த்தி, உலர்ந்ததை ஒரே மாதிரி இரண்டு தட்டில் கொட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். ஒரு தட்டில் குவியல், இன்னொன்றில் சுருங்கிப்போன காய் தட்டின் அடியில் பரவிக் கிடக்கிறது. அந்த ஸ்லைடு வந்ததும் நான் பேசவே இல்லை, கொஞ்ச நேரம் விட்டேன். அவர்களே ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பது ஏன் உதவாது என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருக்கும் ரிச்சர்ட் மேயர் இதில் பல காலம் வேலை செய்தவர். படமும் பேச்சும் சேர்ந்தால் நன்றாகப் பதிகிறது, அதோடு பேசுவதையே எழுத்தாகவும் திரையில் ஓட்டினால் பெரும்பாலும் குறைவாகத்தான் பதிகிறது என்பது அவருடைய சோதனைகளில் வந்தது. கண் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று அல்லாடும். எங்கள் ஹாலில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள், மலையாளம் மட்டும் படிக்கிற சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள், ஜார்க்கண்டில் இருந்து வந்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தங்கியிருக்கும் பையன்களும் இருக்கிறார்கள். மூன்று மொழியிலும் எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் மறுத்தேன், ஒரு ஸ்லைடில் மூன்று லிபி வந்தால் படத்துக்கு இடமே இருக்காது. தலைப்பு வாக்கியம் தமிழில், மற்றதெல்லாம் படம், நான் தமிழில் பேச, இந்தி தெரிந்த ஒரு பையன் தன் கூட்டாளிகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். சூப்பர்வைசர்கள் கையில் மலையாளத்தில் ஒரு தாள் கொடுத்தோம்.

தமிழ் எழுத்துக்கு என்று சில விஷயங்கள் கவனிக்க வேண்டும், இவை ஆங்கிலத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் வராது. பழைய ஃபைல் பாமினி எழுத்துருவில் இருந்தது, அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும். எல்லாவற்றையும் யூனிகோடில் மறுபடி அடித்தேன். விண்டோஸ் 8-இல் இருந்து நிர்மலா யூஐ எழுத்துரு கூடவே வருகிறது, அதுவே போதும். வேறு எழுத்துரு பிடித்திருந்தால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவை ஃபைலுக்குள் பதிக்கச் சொல்லிவிட வேண்டும், கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் பென்டிரைவில் இருக்கட்டும். எழுத்து அளவு முப்பது பாயிண்டுக்குக் குறையக் கூடாது என்று அமெரிக்க எழுத்தாளர் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்னது பிரபலம். தமிழுக்கு நான் நாற்பதுக்குக் கீழே போகவில்லை. காரணம் புள்ளி. கடைசி வரிசையில் இருந்து பார்த்தால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான், அப்புறம் இகர ஈகாரச் சுழி. வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், உகர ஊகாரத்தின் வால் கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும்.

ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது, இது நிறையப் பேர் யோசிக்காத விஷயம். அது வெளிச்சத்தை மட்டும்தான் வீசும், கறுப்பு என்று நாம் பார்ப்பது வெளிச்சம் விழாத திரையைத்தான். ஜன்னல் வெளிச்சம் அடிக்கும் ஹாலில் திரையே வெளுத்துக் கிடக்கும்போது கருநீலப் பின்னணி சாம்பலாகத் தெரியும், அதன் மேல் உள்ள எழுத்தும் மங்கிவிடும். அதனால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. படத்தில் மட்டும் கறுப்புத் துணியை விட்டுவைத்தேன், காய் எடுப்பாகத் தெரிந்தது. தோட்டத்து ப்ரொஜெக்டர் பழைய 4:3 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்), லேப்டாப்பில் ஸ்லைடு 16:9, அப்படியே போட்டால் மேலும் கீழும் பட்டை விழுந்து படம் சிறுத்துவிடும். டிசைன் பகுதியில் ஸ்லைடு சைஸை முதல் நாளே மாற்றிக்கொண்டேன். அந்த ப்ரொஜெக்டரில் விஜிஏ மட்டும்தான் உண்டு, எச்டிஎம்ஐ இல்லை, மாற்று இணைப்பான் கையில் வைத்திருந்ததால் பிழைத்தோம். தகரக் கூரை என்பதால் மழை வந்தால் வீடியோவின் சத்தம் கேட்காது என்று தெரியும், காய் எடுக்கும் சின்ன வீடியோ ஒன்றை ஒலி இல்லாமல்தான் வைத்தேன். மழையும் வந்தது, நான் திரையருகே போய்க் கையால் காட்டிச் சமாளித்தேன்.

நடத்தும்போது அதிகம் பயன்பட்டது கீபோர்டில் B (பி) விசை. ஸ்லைடு ஓடும்போது அதை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். பிளந்த காய் ஸ்லைடைக் காட்டிவிட்டு, திரையை அணைத்து, ஆளுக்கு ஒரு கை பச்சைக்காய் கொடுத்துப் பிரிக்கச் சொன்னோம். திரை எரிந்துகொண்டிருந்தால் பாதிக் கண் அங்கேதான் இருக்கும். பிரித்ததை நகத்தால் கீறிப் பார்த்து அவர்களே சரிபார்த்துக்கொண்டார்கள்.

அங்கேதான் கூடலூர் அக்கா ஒருத்தர் கேட்டார், "இங்க உக்காந்து கீறிப் பாக்கலாம் தம்பி, அங்க குனிஞ்சு சரத்துல கை வச்சா ஒவ்வொண்ணா கீறிக்கிட்டு இருக்க முடியுமா? அடையாளம் சொல்லு." நியாயமான கேள்வி. சரம் என்பது செடியடியில் இருந்து கிளம்பி, பூவும் காயும் பிடிக்கும் தண்டு. பதில் அவர்களிடமே இருந்தது, இன்னொரு அக்கா, சரத்தின் அடியில் இருப்பதுதான் முதலில் முற்றும், நுனி பிந்தும் என்றார். பூப்பதே அடியில் இருந்து நுனிக்குத்தான், அதனால்தான் ஒரே சரத்தில் பல சுற்று எடுக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் செடியடியில் உட்கார்ந்து, தரையோடு படர்ந்த ஒரு முழுச் சரத்தைப் படம் எடுத்து, அடியில் இருந்து நுனிக்கு ஒரே ஒரு அம்புக்குறி போட்டு, 'அடிக்காய் முதலில், நுனிக்காய் அடுத்த சுற்றில்' என்று தலைப்பு வைத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் நடத்தியபோது அதிக நேரம் பேச்சு ஓடியது இந்த ஸ்லைடில்தான்.

முடிந்தபின் எல்லோரும் ஃபைலை வாட்ஸப்பில் கேட்டார்கள். அப்படியே அனுப்பினால் பேச்சு இல்லாமல் படம் மட்டும் போகும், அது அரைகுறை. அதனால் முக்கியமான படங்களை மட்டும் ஃபோனுக்கு ஏற்ற மாதிரி நெட்டுவாக்கில் வெட்டி, ஒவ்வொன்றின் கீழும் நான் வாயால் சொன்னதை இரண்டு வரி எழுதி, கூடவே ஸ்டோர் அண்ணன் குரலில் ஒரு சின்ன ஆடியோ சேர்த்து அனுப்பினோம். மருந்தடிப்புப் பயிற்சிக்கு இப்போது படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். டப்பாவில் இருக்கும் முக்கோணம் ரொம்பச் சின்னது, அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் நிறம் ப்ரொஜெக்டரில் எப்படி விழுகிறது, சிவப்பும் மஞ்சளும் பிரிந்து தெரிகின்றனவா என்று அந்த ஹாலிலேயே முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.