மெஷின் கொட்டகை நாட்குறிப்பு

மே 5, 2024, ஞாயிறு

இன்று மரம் வெட்டு இல்லை, மரம் அறுக்கிற செயின்சா மெஷின்களைப் பார்க்கிற வேலை மட்டும்தான். கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. மெஷின் பிடிக்கிற மாமா, மரம் ஏறுகிற அண்ணன், லாரி டிரைவர், லோடு பையன்கள் இரண்டு பேர். கூடவே எங்கள் நாய்கள் டைகர், ராணி, வெள்ளச்சி, கட்டை, அப்புறம் பிளக். பிளக் குட்டியாக இருந்தபோது ஸ்பார்க் பிளக் மூடியைக் கவ்விக்கொண்டு போய் அரை நாள் வேலையைக் கெடுத்தவன். பெயர் அப்படி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் செயின் தீட்ட வேண்டும். வட்ட அரத்தைப் பல்லின் வளைவில் வைத்து முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். இதில் தாராளம் காட்டினால் வாள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வெட்டு கோணலாகிவிடும். நன்றாகத் தீட்டிய செயின் மரத்தைச் சிராய் சிராயாகத் துப்பும். மழுங்கிய செயின் மாவு மாதிரி தூளைக் கொட்டும். தூளைப் பார்த்தே மாமா, "நேத்து யார் வாளை மண்ணுல இறக்கினது?" என்று கேட்டுவிடுவார்.

தீட்டி முடித்துப் பெரிய மெஷினைக் கிளப்பிப் பார்த்தேன். நாலு நாய்களும் எழுந்து வெளியே போய்விட்டன. டைகர் மட்டும் இரண்டடி தள்ளிப் படுத்தபடியே இருந்தான். பதினோரு வயது. "பழகிப்போச்சு அவனுக்கு" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் டீ வந்தது. ஒரு பையன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான். நாலு பேரும் பாய்ந்து வந்தார்கள். டைகர் அசையவில்லை. பிஸ்கட் கவர் சத்தத்துக்கு எழாத நாய் உண்டா? பிஸ்கட்டை மூக்குக்குப் பக்கத்தில் நீட்டிய பிறகுதான் கண் திறந்தான்.

மே 8

நேற்றிலிருந்து நீலகிரிக்கு வருகிற சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ். எங்களுக்கு லாபம்தான். மரம் ஏற்றிய லாரி வளைவில் நின்றால் பின்னால் பத்து கார் ஹாரன் அடிக்கிற தொல்லை இன்று இல்லை.

வேலை ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில். சில்வர் ஓக். கொஞ்ச மரத்துக்கு நிழல் விழும் கிளைகளைக் கழிக்க வேண்டும். சிலதை அடியோடு எடுக்க வேண்டும். மலைப் பகுதியில் இஷ்டத்துக்கு மரம் வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி கமிட்டி அனுமதி வேண்டும். தோட்டக்காரர் அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெண்ணின் ஜாதகம் மாதிரி பத்திரமாக வைத்திருந்தார். மாமா அதை முழுக்கப் படித்து, மரத்தில் போட்ட எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் மெஷினைத் தொட்டார். இதில் மட்டும் அவரை அவசரப்படுத்த முடியாது.

கிளை கழிக்கிற கவாத்தை அவர் இன்னும் 'கவ்வாத்து' என்றுதான் சொல்வார். அவருடைய அப்பா, இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். அந்தப் பேச்சு அப்படியே தங்கிவிட்டது.

சில்வர் ஓக் பார்க்கத்தான் நேர்த்தி. கிளை சட்டென்று முறியும். தூள் பட்டால் சிலருக்கு அரிப்பெடுக்கும். இப்போது பூத்து வேறு நிற்கிறது, ஆரஞ்சு நிறத்தில் பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி. அடிமரம் லாரியேறிக் கேரளத்துப் பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்குப் போகும்.

எங்கள் முறை இது. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு வாய் எடுப்பார் மாமா. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வருவார். இரண்டு வெட்டும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு மரத்தை விட்டுவைக்க வேண்டும். அதுதான் கீல். கதவு கீலில் திரும்புவதுபோல மரம் அதில் சாயும். கீல் அறுந்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். அறுக்கிறவர் கண் அடியில் இருக்கும், உச்சியைப் பார்க்க முடியாது. அதனால் மேட்டில் தள்ளி நின்று உச்சியைப் பார்ப்பது என் வேலை. கழுத்தில் விசில். நீளமாக ஊதினால் நிறுத்து. இரண்டு தரம் ஊதினால் மரம் அசைகிறது, விலகு. பத்து வருஷமாக இதுதான்.

நாலாவது மரம். மாமா பின்வெட்டில் இருந்தார். லாரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த டைகர் எழுந்து, சோம்பல் முறித்து, மரம் விழப்போகிற பாதையில் இறங்கினான். நீளமாக ஊதினேன். மரத்தடியில் கயிறு பிடித்திருந்தவர்கள் திரும்பினார்கள். டைகர் தேயிலைத் தூர் ஒன்றை முகர்ந்துகொண்டு நின்றான். மெஷின் நிற்கவில்லை. மறுபடியும் ஊதினேன். நிற்கவில்லை. கீழே கிடந்த மண்கட்டியை எடுத்து மாமாவின் முதுகில் எறிந்தேன். திரும்பிப் பார்த்து மெஷினை நிறுத்தினார். மரம் கீலில் நின்றது. பையன் ஓடிப்போய் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நாய்க்குக் காது போச்சு மாப்ளே. நாளையிலிருந்து இவனைக் கூட்டிட்டு வரக் கூடாது" என்றார் மாமா.

மே 9

மழை. வேலை இல்லை. நேற்று நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விசிலுக்குத் திரும்பாதது டைகர் மட்டும் இல்லையே.

மே 12

டைகரை எங்கே விடுவது என்று கொட்டகையில் பெரிய பஞ்சாயத்து. வீட்டில் விட்டால் பகலில் பரவாயில்லை. ராத்திரி அவன் அத்தை வீட்டு வாசல்படியில்தான் படுப்பான். போன ஜனவரியில் மேல் லைன் வீடுகளில் இருந்து இரண்டு நாயைச் சிறுத்தை தூக்கிப் போனது. மற்ற நாய்கள் வாசம் பிடித்தோ சத்தம் கேட்டோ கதவைப் பிறாண்டும். இவன் சிறுத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் குறட்டை விடுவான். பெயர் டைகர்! கடைசியில், ராத்திரி மெஷின் கொட்டகைக்குள் விட்டுப் பூட்டுவது என்று முடிவாயிற்று. பெட்ரோல் வாசம் அவனுக்குத் தாய்ப்பால் மாதிரி. அவன் அம்மா குட்டி போட்டதே அங்கேதான், ஆயில் சாக்கின் மேல்.

அவன் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் 2009 வந்துவிட்டது. அந்த நவம்பரில் ஊட்டிப் பக்கம் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மண் சரிந்து நாற்பதுக்கு மேல் உயிர் போனது. ரோட்டை மறித்துக் கிடந்த மரங்களை அறுக்க மாமாவின் ஆட்களைக் கூப்பிட்டார்கள். கையில் இருந்தது இரண்டே மெஷின். மீதி எல்லாம் கோடாலியும் இழுப்பு வாளும். "பத்து நாள். தூங்குற நேரம் போக மெஷின் நிக்கவே இல்ல. தூங்கினாலும் காதுல ஓடிட்டே இருக்கும்" என்றார் மாமா. டைகரின் அம்மா அப்போது குட்டி. சரிவில் யாரோ கண்டெடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தது.

நான் மெதுவாகக் கேட்டேன்: "அப்ப காதுல பஞ்சாவது வச்சீங்களா?"

"என்ன?" என்றார்.

மே 19

சின்ன மெஷின் போச்சு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலக்க வேண்டும். புதுப் பையன் கேனை மாற்றி எடுத்து, வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டான். பத்து நிமிஷம் நன்றாக ஓடியது, வழக்கத்தைவிட நன்றாகவே. அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம், நின்றது. ஸ்டார்ட்டர் கயிறு கல்லில் கட்டின மாதிரி. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்தால் பிஸ்டன் முழுக்கப் பூனை பிறாண்டிய கோடு.

பையன் அழுதுவிட்டான். புது மெஷின் ஆன்லைனில் ஐந்தாறாயிரத்துக்குக்கூடக் கிடைக்கிறது, வாங்கித் தருகிறேன் என்றான். அந்த சைனா மெஷின்களை நான் நிறையப் பிரித்திருக்கிறேன். விறகு துண்டு போட ஆகும். ஆள் உயிர் தொங்குகிற மரத்துக்கு ஆகாது. பிஸ்டன், சிலிண்டர் செட் மாற்றி இதையே ஓட்டுவோம், கூலியில் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மாமா. ஆனால் இனி ஆயில் கலந்த கேனுக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அத்தையின் பழைய பாவாடை நாடா அதற்குப் போனது.

மே 27

மாமாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நேராகச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். எனக்குக் காது வலி, துணைக்கு வாங்க என்றேன். அங்கே போனதும் அவரைத் தள்ளிவிட்டேன். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் டக்டக்கென்று விரல் எழுந்தது. அப்புறம் ரொம்ப நேரம் விரல் எழவேயில்லை. சோதனை செய்கிற அந்தம்மா குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறார். மாமா நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து.

காகிதத்தில் கோடு சமமாக வந்து, வலது பக்கம் பள்ளத்தில் இறங்கியது. மெஷின் இரைச்சலில் கீச்சுக் குரல்கள்தான் முதலில் போகும் என்றார் டாக்டர். கனமான சத்தம் கேட்கும். பறவை, குழந்தை, விசில் கேட்காது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது, "கையில ஒரு மெஷின், காதுல ஒரு மெஷினா?" என்று சிரித்தார் மாமா. அப்புறம் ரொம்ப தூரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் வருகிற நேரத்தில் கேட்டார்: "அன்னிக்கு நீ எத்தன தடவ ஊதின?"

"ரெண்டு."

"நான் நாயத்தான் திட்டினேன்."

ஜூன் 3

கொட்டகை ஆணியில் ஒரு இயர்மஃப் ரொம்ப நாளாகத் தொங்குகிறது. உள்ளே சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தட்டித் துடைத்து மாமாவுக்கு மாட்டினோம். அவர் இதை வேண்டாம் என்று சொல்லிவந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. காதை மூடினால் மரம் முறிகிற சத்தம் கேட்காதே, விசில் கேட்காதே என்பார். விசில் எப்படியும் கேட்கவில்லை. அதனால் வாதம் அங்கேயே முடிந்தது.

இனி விசிலோடு கொடி. நான் மேட்டில் நிற்காமல், மரம் விழும் பக்கமும் அதற்கு நேர் பின்பக்கமும் இல்லாத ஓரத்தில், மாமாவின் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கிறேன். மர உயரத்தின் இரண்டு மடங்கு தூரம். கையில் சிவப்புத் துணி (பாவாடையின் மீதி). கொஞ்சம் அறுத்ததும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும். துணி கீழே இருந்தால் அறுக்கலாம், உயர்ந்தால் நிறுத்தணும். மாமா முதல் நாள் மூன்று முறை பார்க்க மறந்தார். மரம் ஏறுகிற அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய் அபராதம் போட்டார். டீக்கு ஆயிற்று.

ஜூன் 16

விடிகாலை நாய்கள் விடாமல் குரைத்தன. ராணி கதவை முட்டிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். நான் டார்ச்சோடு ஜன்னல் வரை போனேன். கதவைத் திறக்கிற தைரியம் இல்லை. காலையில் பக்கத்து வீட்டு சிசிடிவியில் பார்த்தோம். 2.40க்குச் சிறுத்தை சாவகாசமாக நடந்து வருகிறது. அத்தை வீட்டு வாசல்படியில் நின்று, டைகர் படுக்கிற சாக்கை மோந்து பார்க்கிறது. ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றது. அப்புறம் சுவர் ஏறிப் போய்விட்டது.

அத்தை அந்த வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். சாக்கை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்.

கொட்டகையைத் திறந்தேன். டைகர் பெரிய மெஷினின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். டார்ச்சை இரண்டு தரம் அணைத்து அடித்தால் எழுவான். இப்போது அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

ஜூலை 6

கால்நடை மருத்துவமனையில் இன்று இலவச வெறிநாய் தடுப்பூசி முகாம். ஐந்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். மரத்தூள் வாசம் அடிக்கிற நாய்கள் என்று அங்கே இருந்தவர்களுக்கு எங்களைத் தெரியும். பிளக் ஊசியைப் பார்த்ததும் டாக்டரின் செருப்போடு ஓடினான். டைகருக்கு ஊசி போட்டதே தெரியவில்லை. டாக்டர் அவன் தலைக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். மாமாதான் பதில் சொன்னார்: "எனக்கு எப்ப போச்சோ அப்பத்தான் சார் அவனுக்கும்."

சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் மாமாவும் டைகரும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து அத்தை, "ஏங்க, டீ ஆறுது" என்றார். இன்னொரு தரமும் சொன்னார். அப்புறம் வாசலுக்கு வந்து, பலகைத் திண்ணையில் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். இரண்டு தலையும் ஒன்றாகத் திரும்பின.