பிழைப்பானா என்று கேட்டவருக்கு

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் சபை சபையாகப் போய்ப் பேசுவோம். மிஷனெரிகளுக்கு அது வழக்கம். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பிய காலத்திலிருந்தே நெல்லைச் சீமை ஜனங்களுக்கு மிஷனெரி என்றால் தனிப் பாசம். என் ஆச்சி உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். மிஷனெரி ஊழியத்துக்கான கைப்பிடி அரிசி. அப்படிக் கொடுத்து அனுப்பிய ஊர் எங்களிடம் கேட்பது சில கேள்விகள்தான். அங்கே என்ன சாப்பிடுவீர்கள், பாம்பு உண்டா, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுவோம். இந்த ஒன்றை மட்டும் எந்தப் பிரசங்க பீடத்திலும் நாங்கள் சொன்னதில்லை. வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் இது இன்னும் ஓயவும் இல்லை.

ராஜ்மகால் மலை, சாகிப்கஞ்ச் மாவட்டம். அப்போது அது பீகார், இப்போது ஜார்க்கண்ட். அந்த மலைப் பழங்குடியினரான பஹாடியாக்களின் வீடு ஒன்றில் காய்ச்சலில் கிடந்த பையனின் அப்பா என் கணவரிடம் கேட்டார்: "பிழைப்பானா?"

"தெரியாது" என்றார் இவர். "நாங்கள் ஜெபம் பண்ணுகிறோம். காலையில் இவனைக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். நானும் கூட வருகிறேன்."

அவ்வளவும் சொன்னார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன். ஆனால் பையனின் அப்பா முதல் பதிலிலேயே நின்றுவிட்டார். "இவ்வளவு தூரத்திலிருந்து வந்து ஒரு சாமியைப் பற்றிச் சொல்கிறீர்கள். அவருக்குமா தெரியாது?" என்றார். இவர் பதில் சொல்வதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார்.

அது காலா அசார். மணல் ஈ கடித்து வருகிற காய்ச்சல். வாரக்கணக்கில் காயும், உடம்பு வற்றும், வயிறு மட்டும் உப்பும், மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே கையில் தட்டுப்படும். வைத்தியம் பார்க்காவிட்டால் சாவு அநேகமாக நிச்சயம். இன்று அந்த நோய்க்கு ஒரே நாளில் நரம்பில் மருந்து ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அன்று தினம் ஒரு ஊசி, கிட்டத்தட்ட ஒரு மாதம். ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும், கூட இருக்கிறவர்கள் தாங்களே பொங்கிச் சாப்பிட வேண்டும்.

நாங்கள் பேசிய நேரம் பர்பட்டி அறுவடைக் காலம். நம் ஊர்க் காராமணிதான் அது. மலைச்சரிவில் காட்டை எரித்து, சோளத்தோடும் கம்போடும் கலந்து விதைப்பார்கள். அவர்கள் கையில் காசு பார்ப்பது அந்தப் பயறில்தான். அதிலும் பாதிக்கு மேல் விதைக்கும் முன்பே மகாஜனிடம், அதாவது வட்டிக்காரரிடம், வாங்கிய கடனுக்குப் போய்விடும். அந்த மாதத்தில் ஒரு ஆள் மலையை விட்டு இறங்கிப்போய் உட்கார்ந்தால் பயறு போச்சு, கடன் நிற்கும், வட்டி ஏறும். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள்.

அதனால் அந்தக் கேள்வியை நான் விசுவாசத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் நினைக்கவில்லை. எங்கள் சபை ஆட்களிடம் சொன்னால் அவர்கள் உடனே அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த மனிதர் கணக்கும் கேட்டார். பையன் பிழைப்பான் என்றால் பயறை விடலாம். பிழைக்க மாட்டான் என்றால் பயறையும் விட்டு, பையனையும் விட்டு, மற்ற மூன்று பேரையும் பட்டினி போட வேண்டும். இப்படி ஒரு கணக்கில் உட்கார்ந்திருக்கிறவரிடம் போய்த் தெரியாது என்றால் அவர் என்னதான் செய்வார்?

இதைச் சொன்னால் இவர், "அதுக்காக? பிழைப்பான்னு சொல்லி, பயறையும் போக வச்சு, பையனும் போயிருந்தா?" என்பார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். அன்றிரவு அவர்கள் தேமானோவை அழைத்துவந்தார்கள். சாமியாடிக் குறி சொல்கிறவர். ஒரு ஆடு வெட்டினார்கள். தேமானோ தெரியாது என்று சொல்லவில்லை. அவர்கள் சாமியான கோசாயனுக்குக் கொடுத்தாயிற்று, பையன் எழுந்துவிடுவான் என்றார். விடிந்ததும் பையனின் அப்பாவே கட்டிலில் கயிறு கட்டி, தம்பியை ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, எங்களோடு இறங்கினார். எங்கள் பேச்சை நம்பி இறங்கினாரா, தேமானோ கொடுத்த தைரியத்தில் இறங்கினாரா? தேமானோதான் காரணம் என்பது என் எண்ணம். ஜெபம்தான் என்று இவர் சொல்வார். அந்த மனிதரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பையன் பிழைத்தான். ஊசி முடிந்து மெலிந்த காலோடு மலை ஏறினான். பயறில் பாதி போயிருந்தது. ஊரில் ஆட்டைப் பற்றித்தான் பேச்சு. எங்களிடம் அவர்களுக்குப் பகை ஒன்றும் இல்லை. போனால் கள் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றதும் தண்ணீர் கொடுப்பார்கள். ஆனால் நாங்கள் பாட ஆரம்பித்தால் ஒவ்வொருவராக எழுந்துபோவார்கள். நாங்கள் அந்த வட்டாரத்தில் இருந்த வரையில் அந்த ஊர் அப்படியேதான் இருந்தது.

பக்கத்து மலையில் இருந்த சக ஊழியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வருத்தத்தோடு பேசினார். நல்ல மனிதர், எங்களை விட மூத்தவர், அந்த மலையிலேயே ஒரு பிள்ளையைப் புதைத்தவர். "தம்பி, நீங்க வாயைத் திறந்து பிழைப்பான்னு சொல்லியிருக்கணும். அந்த ஆளு கேட்டதே விசுவாசம்தான். மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன் உம்மால் கூடுமானால்னு இயேசுகிட்ட கேட்டப்போ, அந்தக் கூடுமானால்ங்கிறதைத்தானே அவர் கண்டிச்சார்?" என்றார். இவர் வேதாகமத்தில் சிலையை வணங்காததற்காகச் சூளைக்குள் போடப்பட்ட மூன்று வாலிபரைச் சொன்னார். விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றுதானே அவர்கள் ராஜாவிடம் சொன்னார்கள், விடுவிப்பார் என்று சொன்ன அவர்களும் அதோடு நிறுத்தவில்லையே என்றார். இருவரும் வசனத்துக்கு வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீ போட உள்ளே போனேன். எனக்கு அப்போதே தோன்றியது, அந்த மூன்று பேர் பேசியது தங்கள் சொந்த உயிரைப் பற்றி. அடுத்தவன் பிள்ளையைப் பற்றி அல்ல.

இவர் சொன்னது சரி என்றுதான் நான் பல வருஷம் நினைத்தேன், இப்போதும் முக்கால்வாசி அப்படித்தான். ஒரு ஏழையின் பிள்ளை சாகக் கிடக்கும்போது அவன் பயத்தை வைத்து அவனை நம் பக்கம் இழுப்பது எனக்குச் சம்மதம் இல்லை. 2017-ல் ஜார்க்கண்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்த பிறகு ஆசை காட்டியதாகக் குற்றம் வந்துவிடுமோ என்று பலர் வார்த்தையை அளந்து பேசுகிறார்கள். இவர் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அப்போது அந்தச் சட்டமும் இல்லை, ஜார்க்கண்டும் இல்லை. ஆண்டவர் பெயரில் தனக்குத் தெரியாததைச் சொல்லக்கூடாது என்கிற பயம் ஒன்றுதான் காரணம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். இவரோடு இத்தனை தூரம் வந்ததற்கே அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பக்கத்து மலையை நானே பார்த்தேன். அந்த அண்ணன் போகிற வீட்டிலெல்லாம் குணமாகும் என்று சொல்லித்தான் ஜெபித்தார். சிலர் குணமானார்கள். ஒரு கைக்குழந்தை இறந்தது. சொன்னது பலிக்கவில்லை என்று ஜனங்கள் அவரை விரட்டுவார்கள் என நான் எதிர்பார்த்தேன். யாரும் விரட்டவில்லை. அவரும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து அழுதார், குழி வெட்ட மண்வெட்டி பிடித்தார். அந்தக் குழந்தையின் தாய் பிறகு சபையில் முதல் வரிசையில் உட்காருவாள். பொய் வாக்கு ஒரு நாள் நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று இவர் சொல்லும் நியாயம் அந்த ஊரில் எடுபடவில்லை. மனிதர்கள் வாக்கின் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை போலிருக்கிறது. அதற்காக அவர் வாக்குச் சொன்னது சரியென்று ஆகுமா? எனக்கு அதிலும் நிம்மதி இல்லை.

இதோடு சேர்த்து நான் நினைக்கிற இன்னொன்று எங்கள் மகனைப் பற்றியது.

அவனை ஆறு வயதில் தெற்கே விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். மலையில் பள்ளிக்கூடம் கிடையாது, மலேரியா உண்டு, எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஹவுராவுக்கு வந்து, கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை, அதை விட்டுவிடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவோம். ஒரு மாதம் அவன் லைனுக்கு வரவில்லை. விடுதியைக் கவனித்த சகோதரிதான் பேசினாள். "நல்லா இருக்கான் அக்கா, விளையாடப் போயிருக்கான். நீங்க ஒண்ணும் நினைக்காம ஊழியத்தைப் பாருங்க" என்றாள். நான் சந்தோஷமாக மலை ஏறினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கியதும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் என் மாமியாரின் கடிதம் வந்தது. அந்த நாட்களில் பையனுக்கு டைபாய்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததாம். இவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்படி மறைக்க அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று பெரிய கடிதம் எழுதினார். எழுதியது நியாயம்தான். பிள்ளை எங்களுடையது. ஆனால் அந்தச் சகோதரியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ரயிலில் ஏறினாலும் மூன்று நாள். பூத் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் எனக்கு அந்த ஒரு இரவைக் கொடுத்தாள் என்றுதான் தோன்றியது. அவள் வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. தன்னால் செய்ய முடிந்ததைச் செய்தாள், என்னால் தாங்க முடிந்ததைச் சொன்னாள்.

இதை இவரிடம் சொன்னபோது, "அப்படின்னா அன்னைக்கு நானும் பிழைப்பான்னு சொல்லியிருக்கணும்கிறியா?" என்று கேட்டார். "அப்படிச் சொல்லலை" என்றேன். சொல்லவில்லைதான். ஆனால் எதைச் சொல்கிறேன் என்றும் விளக்கத் தெரியவில்லை. எனக்குப் பிள்ளை தூரத்தில் இருந்தது, என் கையில் முடிவு எதுவும் இல்லை. அந்த அப்பாவுக்குப் பிள்ளை மடியில் கிடந்தது, முடிவு எடுக்க வேண்டியவரே அவர்தான். முடிவு எடுக்க வேண்டியவருக்கு உண்மை வேண்டும், எடுக்க முடியாதவளுக்கு ஆறுதல் போதும் என்று பிரித்துப் பார்க்கலாமா? ஒரு வருஷம் அப்படித்தான் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். பிறகு அந்தச் சமாதானமும் போய்விட்டது. அந்த அப்பாவை அசைத்தது உண்மை அல்லவே, தேமானோ கொடுத்த தைரியம்தானே?

இந்த வருஷம் இதையெல்லாம் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது, அன்று வீட்டுக்குள் நடந்ததை ஒருமுறை சொல்லச் சொல்லி இவரிடம் கேட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரியே சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில், "அவன் வயித்துல கை வச்சுப் பார்த்தேன்லா, மண்ணீரல் தொப்புள் வரைக்கும் வந்திருந்தது. சரி, இவன் போயிருவான்னுதான் நினைச்சேன்" என்றார்.

"தெரியாதுன்னுதானே சொன்னீங்க?"

"பின்ன, தகப்பன் முகத்தைப் பார்த்து வேற எப்படிச் சொல்ல?"

இத்தனை வருஷத்தில் இதை இவர் சொன்னதே இல்லை. அந்தப் பதிலை உண்மை என்று வைத்துத்தான் நான் இவர் பக்கமும் பேசினேன், இவருக்கு எதிராகவும் பேசினேன். அந்த அண்ணனும் அப்படி வைத்துத்தான் திண்ணையில் கண்டித்தார். இப்போது பார்த்தால் இவரும் மனதில் இருந்ததைக் குறைத்து, கேட்கிறவர் தாங்கும் அளவுக்குத்தான் சொல்லியிருக்கிறார். "அப்போ அந்த ஹாஸ்டல்காரி மேல அவ்வளவு கோபப்பட்டீங்களே?" என்றேன். "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். "நான் அவரோட கீழே இறங்கினேன். அந்த மாசம் முழுக்க அங்கேயே இருந்தேன்" என்றார். அது உண்மை. ஆனால் அவளும்தான் என் பிள்ளையின் கட்டிலருகே இருந்தாள்.

அடுத்த மாதம் பணித்தளத்துக்குப் புறப்படுகிற இளம் தம்பதிகளுக்கு நாங்கள் வகுப்பு எடுக்க வேண்டும். மொழியைப் பற்றி, உடல்நலத்தைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. இந்தச் சம்பவத்தையும் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லு, ஆனால் பர்பட்டியை விடாமல் சொல்லு என்றார். சொன்னால் அவர்கள் கட்டாயம் கேட்பார்கள், எங்களிடம் ஒருவர் அப்படிக் கேட்டால் நாங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று. இவர் தெரியாது என்று சொல்லச் சொல்வார். நான் அந்த விடுதிச் சகோதரியைப் பற்றிச் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஒரே வகுப்பில் இரண்டு பதிலும் வேண்டாம் என்கிறார் இவர். வேண்டும் என்கிறேன் நான்.