நேபாளத்துல பிள்ளைங்களோட வாலண்டியரிங்: தாராளமா போங்க, ஆனா எங்க போறீங்கன்னு பாத்து போங்க

ஊர் வந்து சேர்ந்து துணிகூட இன்னும் துவைக்கல, அதுக்குள்ள எழுத உட்கார்ந்துட்டேன். வெளிநாட்டுல பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்கிற வாலண்டியரிங் எப்படி, எவ்வளவு ஆகும்னு வாட்ஸப்ல ஆளாளுக்கு கேக்குறாங்க. கண்டிப்பா போங்க. ஊர் சுத்துறதுல இதைவிட மனசு நிறையிற வழி எனக்குத் தெரியல. ஆனா சாயங்காலம் ஆனா பிள்ளைங்க அவங்கவங்க அம்மாகிட்ட ஓடிப் போற இடமா பாருங்க, அதாவது பள்ளிக்கூடம், ஊர் லைப்ரரி. அனாதை இல்லம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஏன்னு கீழ சொல்றேன்.

ரூட்: சென்னைலேர்ந்து கோரக்பூர் வரைக்கும் ரயில், ஸ்லீப்பர். அங்கேர்ந்து பார்டர் ஊரான சுனௌலி கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், பஸ். பார்டர நடந்தே தாண்டிடலாம், நமக்கு விசா தேவையில்ல, பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி போதும், ஆதார மட்டும் நம்பிப் போகாதீங்க. பார்டர் தாண்டினதும் ஜீப்காரங்க மொய்ப்பாங்க, உஷாரா இருங்க. என்கிட்ட ஒருத்தர் 1500 ரூபான்னு பேசி ஏத்திட்டு, இறங்கும்போது "ஐசி, ஐசி"ன்னு கைய நீட்டுறார். ஐசின்னா இந்தியன் கரன்சி, என்சின்னா நேபாளி. நம்ம 100 ரூபா அவங்களுக்கு 160, 1993லேர்ந்து அதே ரேட்டுதான். அப்போ 1500 என்சிக்கு பதிலா 2400 என்சி! நடு ரோட்டுல நின்னு கத்தி 1500 என்சிதான் கொடுத்தேன், ஆனா அன்னைக்கு பூரா எரிச்சல். ஏறுறதுக்கு முன்னாடியே ஐசியா என்சியான்னு கேட்டு, போன்ல நம்பர டைப் பண்ணிக் காட்டுங்க.

அப்புறம் பொக்ரா பஸ், ஐயோ. புட்வல் தாண்டினதும் மலை ஆரம்பிக்குது, சித்தபாபா கோயில் பக்கம் மேலேர்ந்து கல்லு உருளும்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்குறாங்க, தான்சேன் வர்றதுக்குள்ள பஸ்ல பாதிப் பேரு வாந்தி, கண்டக்டர் கேரி பேக் கொடுத்துக்கிட்டே வர்றார், கடைசி சீட்டுல இருந்த நான் ஒவ்வொரு குழிக்கும் கூரையில தலைய இடிச்சுக்கிட்டேன். முன்பக்க சீட்டுக்கு சண்டை போட்டாவது வாங்குங்க.

நான் வேலை பாத்தது பொக்ரா பக்கத்துல இருக்கிற பேக்னாஸ் ஏரிக்கு மேல ஒரு கிராமத்து அரசு பள்ளிக்கூடத்துல. தெரிஞ்சவங்க மூலமா ஹெட் சார்கிட்ட பேசினேன். அவர் முதல்ல கேட்டது போலீஸ் சர்டிபிகேட், ரெண்டாவது எத்தனை வாரம் இருப்பீங்க, மூணாவது எங்க வாத்தியாருக்கு என்ன கத்துக் கொடுப்பீங்க. எனக்கு அந்த ஆளை அப்பவே பிடிச்சுப் போச்சு. கிளாஸ் எடுக்கிறது எப்பவும் அவங்க வாத்தியார்தான், நான் பக்கத்துல இருந்து வாசிக்க வைக்கிறது, படக்கதை புக் போட்டு பேச வைக்கிறது. நாலாங்கிளாஸ் பையன் ஒருத்தன் இங்கிலீஷ் பாடத்த கடகடன்னு ஒப்பிச்சான், பக்கத்த திருப்பி வச்சும் நிறுத்தல, அத்தனையும் மனப்பாடம். அதே கிளாஸ்ல ஒரு பொண்ணு, தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டே வருவா, ஒரு வரி இங்கிலீஷ்ல வாசிப்பா, உடனே அவன் காதுல நேபாளில சொல்லுவா, அவன் படத்த தொட்டுப் பாத்து சிரிச்சா மட்டும்தான் அடுத்த பக்கம் திருப்புவா. இந்த மாதிரி டீச்சர நான் எங்கயும் பாத்ததில்ல!

இன்டர்வெல்ல ரப்பர் பேண்ட் கொத்தா கட்டி கால்ல தட்டி தட்டி விளையாடுவாங்க, சுங்கின்னு பேரு. சௌசௌ (நம்ம காய் இல்ல, இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்) பாக்கெட்ட கையால நொறுக்கி, மசாலாவ உள்ளயே கொட்டிக் குலுக்கி பச்சையாவே திம்பாங்க, எனக்கும் ஒரு கை நிச்சயம் உண்டு.

தங்கினது ஒரு தீதி (அக்கா) வீட்டுல, சாப்பாட்டோட ஒரு நாளைக்கு 800 என்சி. முதல் நாள் ராத்திரி டிடோ போட்டாங்க பாருங்க, அப்படியே நம்ம கேழ்வரகு களி! கூடவே குந்த்ருக், கீரைய புளிக்க வச்சு காய வச்சு அப்புறம் குழம்பா வைக்கிறது, புளிப்பும் வாசனையும் சேர்ந்து தூக்குது. டூரிஸ்ட்டுங்க தங்குற பொக்ரா லேக்சைடுல பீட்சாவுக்கு கொட்டுற காசுல இங்க ரெண்டு நாள் ராஜ சாப்பாடு.

இப்ப அனாதை இல்லம். லேக்சைடுல ஒரு ஏஜென்ட், வாரத்துக்கு இத்தனை டாலர் கட்டுங்க, நாளைக்கே குழந்தைங்களோட இருக்கலாம்னான். நான் யாரு, என்ன வேலை, ஒண்ணுமே கேக்கல, பணம் கட்டினா கதவு திறக்கும். எனக்கு உடம்பே கூசிப் போச்சு. நேபாளத்துல இந்த இல்லங்கள்ல இருக்கிற பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு யூனிசெஃப் பல வருஷமா சொல்லிட்டு வருது. 1996லேர்ந்து 2006 வரைக்கும் நடந்த உள்நாட்டுப் போர்ல, ஹும்லா மாதிரி எட்டாத மலை ஊர்கள்ல புரோக்கருங்க போய் பிள்ளைய படிக்க வைக்கிறோம்னு பெத்தவங்ககிட்டயே காசு வாங்கி கூட்டிட்டு வந்து இல்லத்துல விட்டுருக்காங்க. 2015 நிலநடுக்கத்துக்கு அப்புறமும் இதே பயம்தான். இல்லங்கள்ல பெரும்பாலானது காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன், இந்த அஞ்சு மாவட்டத்துலதான், அதாவது டூரிஸ்ட் எங்க வர்றானோ அங்க. நாம டாலர் கட்டக் கட்ட இன்னொரு பிள்ளை வீட்ட விட்டு வரும். ஆஸ்திரேலியா 2018லயே நவீன அடிமைத்தன சட்டம் போட்டப்போ இதையும் அதுல பேசினாங்க. வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து கட்டிப் பிடிச்சுட்டு போய்க்கிட்டே இருந்தா அந்தக் குழந்தை மனசு என்னத்துக்கு ஆகும், சொல்லுங்க.

பிள்ளைங்க போட்டோவ இன்ஸ்டால போடாதீங்க, நான் ஒண்ணு கூட போடல. தனியா ஒரு பிள்ளையோட ரூம்ல இருக்காதீங்க. ஒரு மாசமாவது இருக்க முடியலன்னா கிளாஸ் பக்கம் போகாம லைப்ரரிக்கு நேபாளி புக்கா வாங்கிக் கொடுங்க, பொக்ராலயே கிடைக்குது.

எப்ப போறதுன்னா, தசைன் (நம்ம தசரா மாதிரி அவங்களோட பெரிய பண்டிகை) சமயத்துல, செப்டம்பர் அக்டோபர், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், பஸ்ல டிக்கெட்டும் கிடைக்காது. ஏப்ரல் நடுவுல பைசாக மாசத்தோட புது வருஷம் ஆரம்பிக்கும், அட்மிஷன் களேபரம் முடிஞ்சு மே முதல் வாரம் போனா ஹெட் சாருக்கும் பேச நேரம் இருக்கும், மழைக்கு முன்னாடி ரோடும் கொஞ்சம் பரவால்ல.