கேபிள் வராத தோட்டத்து வீட்டுக்கு சிம் ரவுட்டர்

ஃபைபர் கேபிள் வாசல் வரை வருகிறதென்றால் யோசிக்காமல் அதையே போடுங்கள். மொபைல் டேட்டா அதற்கு ஈடாகாது. ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே தோப்புக்குள் வீடு, கேபிள்காரர் "இத்தனை கம்பம் நட்டால்தான் வரும்" என்று கைவிரித்துவிட்டார் என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

பெரும்பாலானவர்கள் முதலில் ரவுட்டரை வாங்கிவிட்டு, பிறகு சிம் போட்டு, கடைசியில் அதை வைக்க இடம் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் இடம், அடுத்து அந்த இடத்தில் நன்றாக எடுக்கும் சிம், கடைசியில்தான் ரவுட்டர்.

இடத்தை அளக்க போனே போதும். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* என்று அடித்தால் போன் தகவல் பக்கம் திறக்கும். திறக்காத போன்களில் செட்டிங்ஸில் 'சிம் நிலை' பகுதியில் சிக்னல் அளவு இருக்கும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைக்க வேண்டும். பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 85 என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 115-ஐத் தாண்டினால் அந்த மூலையை மறந்துவிடலாம். எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னலின் தெளிவு: 15-க்கு மேல் இருந்தால் நல்லது, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பலம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. ஹாலில் ஒரு முறை, டவர் இருக்கும் திசையின் ஜன்னலில் ஒரு முறை, மொட்டை மாடியில் ஒரு முறை என்று பாருங்கள். கான்கிரீட் கூரைக்கு மேலேயும் கீழேயும் ஆர்எஸ்ஆர்பி எண்ணில் 15, 20 டெசிபெல் வித்தியாசம் வருவது சகஜம். தகர ஷீட் கூரை இன்னும் மோசம். வேகத்தை மட்டும் ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் சோதியுங்கள். மத்தியானம் வரும் 40 எம்பிபிஎஸ், ஊரே போனைக் கையில் எடுக்கும் நேரத்தில் நான்காகிவிடும்.

"டவர் ஃபுல்லா காட்டுது, ஆனா யூடியூப் சுத்திக்கிட்டே இருக்கு" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் பேண்டுதான், அதாவது டவரும் கருவியும் பேசிக்கொள்ளும் அலைவரிசை. 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரையும் மரத்தையும் ஊடுருவி வரும். ஆனால் டேட்டா போகும் பாதையின் அகலம் அவற்றில் குறைவு என்பதால், நாலு பேர் சேர்ந்து இழுத்தால் நெரிசல்தான். 2300-இல் அகலம் தாராளம், ஆனால் நாலு வரிசை தென்னையைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். மழையில் நனைந்த ஓலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். வீட்டுக்குள் இருக்கும் கருவி பலமாகத் தெரியும் 850-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையே மாடிக்கு ஏற்றினால் 1800 அல்லது 2300 கிடைத்து வேகம் பல மடங்காகும். 5ஜியின் 3500 மெகாஹெர்ட்ஸுக்கு இது இன்னும் பொருந்தும். ஏர்ஃபைபர் (கேபிள் இல்லாமல் 5ஜி வழியே வீட்டுக்கு வரும் இணையம்) இணைப்புகளில் ஒரு பெட்டியை வெளியே மாடியில் மாட்டுவது அதனால்தான்.

ரவுட்டர் வாங்கும்போது பேண்டைப் பூட்டும் வசதி, அதாவது நாம் சொல்லும் பேண்டை மட்டும் பிடிக்க வைக்கும் வசதி, இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்தவை கேட் 4 வகை, ஒரு நேரத்தில் ஒரு பேண்டை மட்டும் பிடிக்கும். கேட் 6 ரவுட்டர் இரண்டைச் சேர்த்துப் பிடிக்கும். காசு கொஞ்சம் கூடினாலும் கேட் 6 வாங்குவதே சரி.

வெளி ஆன்டெனா வைக்கப் பலரும் ஆசைப்படுவார்கள். அங்கே ஆன்டெனாவை ரவுட்டரோடு இணைக்கும் கேபிள் காலை வாரிவிடும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் 2300-இல் 8 முதல் 10 டெசிபெல் போய்விடும். 10 டெசிபெல் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆன்டெனா சேர்த்துக் கொடுத்ததைக் கேபிளே தின்றுவிடுகிறது. அதைவிட ரவுட்டரையே மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து கேட் 6 ஈதர்நெட் கேபிளை (பெயர் ஒன்றுதான், ரவுட்டரின் கேட் 6 வேறு) கீழே இறக்கி, ஹாலில் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரில் செருகுங்கள். 100 மீட்டர் வரை ஈதர்நெட்டில் இழப்பு பற்றிக் கவலையில்லை. வெளியில் வைப்பதற்கென்றே செய்த, அதே கேபிளில் மின்சாரமும் ஏறும் கருவி கிடைத்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். இரும்புப் பெட்டி சிக்னலை அடைத்துவிடும். கேபிள் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மேலே நிழல் கட்டாயம். சித்திரை வெயிலில் மூடிய பெட்டி கொதித்து, மத்தியானம் தோறும் ரவுட்டர் தானாக அணைந்து எழும். இடி மழை வரும்போல் தெரிந்தால் முன்கூட்டியே ஈதர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கம்பம் நட்டு உயரத்தில் ஏற்றவே வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரைத் தொடாதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம், சுற்றியுள்ள எல்லாருடைய இணைப்பையும் அது கெடுக்கும்.

இன்னொன்று: 2300 பேண்டு 2400 வரை நீள்கிறது, வைஃபை அங்கிருந்துதான் தொடங்குகிறது, பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றையொன்று இடிக்கும். ரவுட்டரின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் சேனல் 11.

பழைய போனை ஹாட்ஸ்பாட்டாகவே வைத்திருப்பது வேண்டாம். எந்நேரமும் சார்ஜரில் சூடாகவே கிடந்தால் பேட்டரி உப்பிவிடும், அது ஆபத்து.

தினம் 2 ஜிபி திட்டம் 28 நாளுக்கு 56 ஜிபி. எச்டி படம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3 ஜிபி எடுக்கும், ஆகவே டிவி உள்ள வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. எல்லை தாண்டினால் வேகம் பொதுவாக 64 கேபிபிஎஸ், வாட்ஸ்அப் செய்தியே தள்ளாடும். 5ஜி எட்டும் இடத்தில் மாதம் 1000 ஜிபி தரும் ஏர்ஃபைபர் திட்டத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் டிவியில் படத்தின் தரத்தை 480-இல் நிரந்தரமாக வைத்து, கம்ப்யூட்டரின் வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு' (டேட்டா அளவானது) என்பதை இயக்குங்கள். விண்டோஸ் அப்டேட் டேட்டாவை விழுங்குவது கணிசமாகக் குறையும்.

சிசிடிவி வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். மொபைல் இணைப்பில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபிவி4 முகவரி (வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வர உதவும் இணைய முகவரி) பொதுவாகக் கிடைக்காது, பலரும் ஒன்றையே பகிர்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து நேராகக் கேமராவுக்குள் நுழைய வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. கிளவுட் வழி இயங்கும் கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணை ரவுட்டரில் போடாதீர்கள், ஓடிபி வந்தால் அதைப் படிக்க ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

கரண்ட் போனாலும் ஓட 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும். டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் மட்டும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

வேகம் விழுந்தால் ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு முன் அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்ற அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். பலம் பத்து குறைந்திருந்தால் பெட்டி நகர்ந்திருக்கும், அல்லது எதிரே மரம் வளர்ந்திருக்கும். இரண்டும் பழையபடியே இருந்து ராத்திரியில் மட்டும் மந்தமென்றால் டவர் நெரிசல். வேறு பேண்டில் பூட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஊர்கிறதென்றால் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும்.