கீகரின் முதுகெலும்பும் ராயபுரத்து ஈரக்காற்றும்

நான்காவது தாளில் முதுகெலும்பு வந்தேவிட்டது. பதினான்கு கணு, ஒன்றில்கூடத் தண்ணீர்ப் பொட்டு விழவில்லை.

சுவிஸ் ஓவியர் எச். ஆர். கீகர் 1976இல் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணத்தை ஊதும் கருவி) வரைந்த 'நெக்ரோனோம் 4' படத்தைப் பார்த்துத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். 1979இல் வந்த 'ஏலியன்' பட ஜந்து அதிலிருந்துதான் பிறந்தது. எல்லாரும் அந்த நீண்ட மண்டையைச் சொல்வார்கள். என்னைப் பிடித்துவைத்திருப்பது அவர் எலும்பையும் குழாயையும் பிணைக்கும் விதம். எது உடம்பு, எது இயந்திரம் என்று பிரிக்க முடியாது. விளிம்பெல்லாம் புகையாகக் கரையும். அந்தக் கரைதல்தான் மூன்று தாளாக என்னைப் படுத்தியது.

அரை மணி நேரம் மெல்ல மெல்ல ஏற்றிய சாம்பல் சாயல் மேல் திடீரென ஒரு துளி தெறிக்கும். அவ்வளவுதான், சிலந்திக்கால் மாதிரி கறுப்பு ஓடிவிடும். பிரஷ்ஷின் 0.3 மி.மீ. ஊசியைக் கழுவினேன், நாசிலை மாற்றினேன், வண்ணம் சீக்கிரம் காயாமலிருக்க ரிடார்டர் கூட்டினேன். கடைசியில் வண்ணமே ஊற்றாமல் கண்ணாடி மேல் வெறும் காற்றை ஊதிப் பார்த்தேன். பொடிப்பொடியாகத் தண்ணீர்!

கடலோர ஈரக்காற்று கம்ப்ரஸரில் சூடாகி வருகிறது. அங்கே மாட்டிய, காற்றிலுள்ள தண்ணீரைப் பிடித்துவைக்கும் மாய்ஸ்சர் டிராப்பை ஆவியாகவே தாண்டிப்போய், ஹோஸில் ஆறியதும் தண்ணீராகிறது. அதனால் டிராப்புக்கு முன்னால் மூன்று மீட்டர் ஹோஸைச் சுருட்டி, வாளித் தண்ணீரில் முக்கினேன். பிரஷ் பிடிக்குக் கீழே இன்னொரு குட்டி டிராப். 18 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியதில் முதல் டிராப்பில் மட்டும் ஒன்றரை டீஸ்பூன் தண்ணீர் சேர்ந்தது. இத்தனையும் முன்பு என் தாளுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

ஹோஸ் கனெக்டர் வாங்க சென்னை பாரிமுனையின் செம்புதாஸ் தெரு போகிறவர்கள் ஹோஸைக் கையோடு கொண்டுபோங்கள். கேட்டதும் கால் அங்குலத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள், நமக்கு வேண்டியது அரைக்கால் அங்குல மரை.

விலா எலும்பு இன்னும் தொடவில்லை. அதற்கு வஞ்சிர நடுமுள்ளையே ஸ்டென்சிலாக வைத்து ஊத ஆசை. காசிமேட்டில் மீன் விற்கும் கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "முள்ளு எதுக்குப்பா உனுக்கு?" என்றார். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது சுறா முள்ளாட்டம் கீது, வஞ்சிரம் வேணாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவைக்கிறாராம்.